மாத்திரை மழுக்குகிறதா?

("மனநோய்க்குத் தருகிற மாத்திரை மனிதனை மீட்கிறதா, மழுக்குகிறதா?" என்ற பட்டிமன்றத்தில் 'மீட்கிறதே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! நான் எழுந்த உடனேயே காகிதத்தில் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே! அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற என் அன்புச் சகோதரிகளே! நான் பேசுகிற நேரத்தில் குழம்பு அடிப்பிடித்தால் அதற்கு நடுவர்தான் பொறுப்பு.

எனக்கு முன்னால் பேசிய கவிஞர் தம்பி என்ன சொன்னார்? "மாத்திரை போட்டவன் மரப்பாச்சிப் பொம்மை ஆகிவிடுகிறான். சிரிக்கவும் மாட்டான், அழவும் மாட்டான், கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா அப்படித்தான் இருக்கிறார். அவர் ஒரு மாத்திரையும் போடுவதில்லை! (சிரிப்பு)

ஆனால் தம்பி சொன்னதை நான் சிரித்துத் தள்ளிவிடப் போவதில்லை. அதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் எத்தனையோ வீட்டில் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். மீதிப் பாதியை யாராவது சொல்ல வேண்டாமா?

நான் தமிழ் படித்தவள். மருத்துவத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மனசு வலித்தால் உடம்பு மாறும் என்று ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவைத்தவர்கள் எங்கள் ஆட்கள்தானே! தலைவன் பிரிந்து போகிறான். தலைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வளை கழன்று விழுகிறது, மேனி நிறம் மாறுகிறது. அதற்குப் பசலை என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு மனநல மருத்துவரிடம் போனால் முதலில் என்ன கேட்கிறார்? "பசி எப்படி? தூக்கம் எப்படி? எடை குறைந்ததா?" சங்கப் புலவன் கேட்ட அதே கேள்வி!

இன்னொன்றும் அந்தப் பாட்டுக்களில் உண்டு. மகள் மெலிந்து போனதைத் தாய் பார்க்கிறாள். காரணம் தெரியவில்லை. வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துகிறாள். ஆட்டை அறுக்கிறார்கள், ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். நோய்க்குக் காரணம் என்னவென்று தோழிக்கு மட்டும் தெரியும். அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்த வீட்டிலும் இப்படி ஒரு தோழி இருந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். நான் சொல்லப் போகிற கதையிலும் ஒரு தோழி வருகிறாள். அங்கே அவள் தங்கை.

நான் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவள். பழவேற்காடு, கூனங்குப்பம், காளாஞ்சி, காட்டுப்பள்ளி என்று மீனவர் குப்பங்களில் இருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். காட்டுப்பள்ளி எங்கே இருக்கிறது தெரியுமா? எண்ணூருக்கு வடக்கே. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். வடக்கே போனால் பழவேற்காட்டு ஏரி. இப்போது அங்கே துறைமுகம், கப்பல் கட்டும் தளம் எல்லாம் வந்துவிட்டன. இலக்கணப்படி அது நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரிப்பொருள் என்ன? இரங்கல்! கடலுக்குப் போனவன் திரும்பி வருகிற வரைக்கும் கரையில் இருப்பவளுக்கு வேறு என்ன இருக்கும்?

இரங்கல் வேறு, நோய் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பாதிக் குழப்பம். புயல் வந்து வலை போனால் துக்கம் வரும். அது நோய் இல்லை. பத்து நாள் அழுவான், அப்புறம் கடன் வாங்கி வலை வாங்குவான். ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேலே, நாள் முழுக்க, எதிலும் பிடிப்பில்லாமல், படுத்த படுக்கையாக, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்றே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தால், அது துக்கத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். இதற்கு நேர் எதிராக ஒன்று உண்டு. மூன்று நாள் தூங்க மாட்டான். களைப்பே இருக்காது. பேச்சு நிற்காது. கையில் காசு இல்லாமல் பத்துப் படகு வாங்க முன்பணம் கொடுப்பான். இது மனவெழுச்சி. சிலருக்கு இந்த ரெண்டும் மாறி மாறி வரும். அதை இருதுருவ நோய் என்கிறார்கள்.

"இதெல்லாம் மனசுதானே, மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் போதாதா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. நீங்களே மேடைக்கு வரும்போது சொன்னீர்கள். கணையத்தைத் திடமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? (சிரிப்பு, கைதட்டல்)

மூளையும் ஓர் உறுப்புத்தான். இருதுருவ நோய் குடும்ப வழியில் வருவது அதிகம். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு, மற்ற உடன்பிறப்புகளைவிடப் பல மடங்கு. தொடர்ந்து மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் என்று மூளையில் ஒரு பகுதி, சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம் சுருங்கியிருப்பதைப் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு என்ன வேலை? நினைவை உண்டாக்குவது! மருந்துக் கடைக்கே போகாத, ஒரு மாத்திரையும் விழுங்காத மனச்சோர்வு நோயாளிக்கும் மறதி உண்டு, கவனம் சிதறும், யோசனை மெதுவாகும். பையைத் தூக்கிக்கொண்டு பரீட்சை எழுதப் போன பிள்ளை ஒரே வரியை இருபது தடவை படிக்கிறது. வயதானவர்களுக்கு வந்தால் 'டிமென்ஷியா' என்றே வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆகவே தம்பி, மழுங்கினது மாத்திரையாலேதான் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், மாத்திரை போடுவதற்கு முன்பே எவ்வளவு மழுங்கியிருந்தது என்று கேட்டீர்களா?

சரி, இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன? தேடிக் கண்டுபிடித்தது குறைவு, தடுக்கி விழுந்து கண்டுபிடித்ததே அதிகம். நம் நாட்டில் சர்ப்பகந்தி என்று ஒரு செடி. அதன் வேரை 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ரத்தக் கொதிப்புக்கும் சித்தம் கலங்கியவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். உலகம் முழுக்க விற்றது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வருகிறது என்று மருத்துவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அதே 1952-இல் நியூயார்க் பக்கத்தில் ஸ்டேட்டன் தீவில் ஒரு காசநோய் மருத்துவமனை. இப்ரோனியாசிட் என்று புது மருந்து கொடுத்தார்கள். நோயாளிகள் திடீரென்று உற்சாகமாகி வார்டிலேயே ஆடினார்கள்! ஒரு மருந்து மூளையில் சில ரசாயனங்களைக் குறைக்கிறது; மனசு சோர்கிறது. இன்னொரு மருந்து அவற்றைக் கூட்டுகிறது, மனசு எழுகிறது. அப்படியானால் மனச்சோர்வு என்பது ரசாயனக் குறைவு என்று ஒரு கொள்கை பிறந்தது.

எதிரணியில் பேராசிரியர் ஒருவர் 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைக் காட்டினார். "செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள், ஆகவே மாத்திரையும் பொய்" என்றார். முதல் வரி சரி. ரெண்டாவது வரி எங்கிருந்து வந்தது? காட்டுப்பள்ளியில் மரப் படகில் நீர் கசிந்தால் இடுக்கை அடைத்துத் தார் பூசுவார்கள். கசிவு நின்றுவிடும். அதற்காகத் தார் குறைந்ததால் ஓட்டை விழுந்தது என்றா சொல்வோம்? ஓட்டை விழுந்த காரணம் வேறு, அடைக்கிற பொருள் வேறு. இந்த மாத்திரைகள் அந்த ரசாயனங்களைச் சில மணி நேரத்திலேயே மாற்றிவிடுகின்றன. ஆனால் மனசு தெளிய ரெண்டு வாரம், நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம் ஆகிறது. அந்த இடைவெளியில் நரம்பணுக்கள் தங்கள் இணைப்பை மெல்ல மாற்றிக்கொள்கின்றன என்று இன்றைக்குக் கருதுகிறார்கள். கொள்கை மாறிக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் படுத்திருந்தவன் எழுந்து பல் விளக்கினானா என்பதுதான் அவன் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது.

இப்போது கதைக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண். என்னிடம் இளங்கலை படித்தாள். அவளுக்கு ஓர் அண்ணன். ஒரு நாள் மூன்று இரவு தூங்காமல் இருந்து, ஊர்ப் பணத்தில் வலை வாங்கி, அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தானம் கொடுத்தான். அடுத்த ஆறு மாசம் படுக்கையை விட்டு எழவில்லை. பாட்டி சொன்னாள், "கழிமுகத்துல காத்து அடிச்சிருக்கு." கோயில், தர்கா, மாதா கோயில் எல்லாம் போய்வந்தார்கள். போனதில் தப்பில்லை. கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் காட்டினார்கள். லித்தியம் கொடுத்தார்கள். பையன் எழுந்தான். மறுபடி கடலுக்குப் போனான். ஒரு வருஷம் நல்லபடியாக ஓடியது.

அப்புறம் ஒரு நாள் இந்தப் பெண் என் அறைக்கு வந்து நின்றாள். "அம்மா, அண்ணனுக்கு மாத்திரைய நிறுத்திட்டோம்மா."

"ஏண்டி?"

"கை நடுங்குதும்மா. வலையில அறுந்த கண்ணிய முடிய முடியல. இறால் ஏலத்துல எல்லாரும் டக்குனு கணக்குச் சொல்றாங்க, இவனுக்கு நேரமாவுது. முன்ன மாதிரி கலகலன்னு இல்ல. மாத்திர மூளைய மழுக்கிடுச்சுன்னு அப்பா தூக்கிக் கழியில போட்டுட்டாரு."

பாருங்கள், அந்த அப்பா முட்டாள் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். லித்தியம் கையை நடுங்க வைக்கும். யோசனையின் வேகத்தைச் சிலருக்குக் கொஞ்சம் குறைக்கும். மீனவனுக்குக் கைதானே மூலதனம்? வலை ஊசி பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அந்தக் குறையை மருத்துவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. "சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரு" என்றாள். நம் ஊரில் புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லுவோம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்! (சிரிப்பு)

மாத்திரை கழிக்குப் போன ரெண்டாவது மாசம், பையனுக்குப் பழையபடி தூக்கம் போனது. மறுபடி மருத்துவமனை. மறுபடி அதே லித்தியம். இந்தத் தடவை மருத்துவர் தங்கையைக் கூப்பிட்டு ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். என்னென்ன அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று. அந்த அட்டை எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் லித்தியம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டும்.

லித்தியம் ஓர் உப்பு. சோடியத்துக்குத் தம்பி முறை. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் அதன் பயனைக் கண்டு எழுதினார். அவர் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் மூன்றரை வருஷம் போர்க்கைதியாகக் கிடந்தவர். ஊர் திரும்பி, புழங்காத ஒரு சமையலறையில் சீமைப் பெருச்சாளிகளை வைத்துச் சோதனை செய்தார். லித்தியம் ஊசி போட்டதும் அவை சாதுவாகிவிட்டன. அடுத்து அவர் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? தனக்கே! தான் விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார். அப்படிக் கொடுத்த முதல் நோயாளி, ஐந்து வருஷமாக மனவெழுச்சியிலேயே கிடந்தவர். சில மாதத்தில் வீட்டுக்குப் போனார். பழைய வேலைக்கே போனார். அப்புறம்? நன்றாகிவிட்டோமே என்று மாத்திரையை விட்டுவிட்டார். நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தார்கள். 1950-இல் அதே மருந்து உடம்பில் அளவு மீறி, இறந்துபோனார். உலகத்தில் முதன்முதலில் இந்த மருந்தால் எழுந்தவரே, அதை விட்டதாலும் கஷ்டப்பட்டார், அது மிஞ்சியதாலும் செத்தார். அன்றைக்கு ரத்தத்தில் அளவு பார்க்கிற வழக்கம் வரவில்லை. இன்றைக்கு இருக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 0.6-இலிருந்து 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்கிறார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே அவ்வளவு குறுகலான வரப்பு!

இந்த அளவு ஏன் ஏறும்? பழவேற்காட்டு ஏரியைத் தெரிந்தவர்களுக்கு எளிதாகப் புரியும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால், கோடையில் தண்ணீர் வற்ற வற்ற ஏரியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். நம் உடம்பின் முகத்துவாரம் சிறுநீரகம். லித்தியம் வெளியே போக அந்த ஒரு வழிதான். வெயிலில் வேர்த்து, வயிற்றோட்டம் வந்து, வாந்தி எடுத்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் "ஐயோ, உப்புப் போகுதே" என்று பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டு உப்பு எது, லித்தியம் எது என்று அதற்கு நன்றாகப் பிரிக்கத் தெரியாது. ரெண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு மூட்டுவலிக்கு, இடுப்புவலிக்கு என்று கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் மாதிரி மாத்திரைகளும் அந்த வாசலைக் குறுக்கிவிடும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற சில 'நீர் மாத்திரை'களும் அப்படியே.

அக்னி நட்சத்திர வெயில். இந்தப் பையனுக்கு வயிற்றோட்டம். படகு தள்ளி இடுப்பு வலி. கடையில் வலி மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டிருக்கிறான். அஞ்சாம் நாள் காலையில் கரையில் தள்ளாடி நடக்கிறான். பேச்சுக் குழறுகிறது. ஊர் என்ன சொல்லும்? "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான்." அவன் அப்பாவே கையை ஓங்கிவிட்டார். அவன் குடிக்கவே இல்லை! தங்கை அந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். தள்ளாட்டம், குழறல், கை அதிகமாக நடுங்குவது, வயிற்றோட்டம், குழப்பம். வரிசையாக எழுதியிருக்கிறது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். ரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. மருந்தை நிறுத்தி, நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றி, நாலைந்து நாளில் தெளிய வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் "போதை தெளியட்டும்" என்று திண்ணையில் கிடத்தியிருந்தால் மூளைக்கு நிரந்தரமாகவே சேதம் வந்திருக்கலாம்.

அப்புறம்தான் முதல் தடவையாக அந்தப் பையன் வாயைத் திறந்து, "வலை முடிய முடியல சார்" என்று மருத்துவரிடம் சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அளவைக் குறைத்தார், ராத்திரி ஒரு வேளையாக மாற்றினார், தைராய்டு பார்க்கச் சொன்னார். லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைக்கும். தைராய்டு குறைந்தாலே மந்தம் வரும், மறதி வரும், சோர்வு வரும். அதற்கு ஒரு சின்ன மாத்திரை சேர்த்தால் தீர்ந்தது. நடுக்கம் முழுசாகப் போகவில்லை. ஆனால் கண்ணி முடிகிற அளவுக்கு வந்துவிட்டது. ஏலத்தில் கணக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் போடுகிறான் என்றாள். "ஆனா தப்பாப் போடறதில்லம்மா" என்றாள். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியின் பட்டியலில் இருந்த மற்றவற்றையும் நான் விட்டுவிட்டுப் போகவில்லை. பழைய காலத்து இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் வகை மாத்திரைகள் வாயை உலர்த்தும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரும். உண்மை. பிறகு வந்த ஃபுளுக்ஸடின் வகையில் அது குறைவு. ஆனால் அவற்றைச் சாப்பிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், சந்தோஷமும் தெரியவில்லை துக்கமும் தெரியவில்லை, பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்ன கணக்கெடுப்பும் உண்டு. தம்பி சொன்ன மரப்பாச்சி அதுதான். அதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு தீராமல் மிச்சமிருக்கிற நோயால் என்று பிரிப்பது கடினம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்க்க வழி இருக்கிறது. எனக்கு நிஜமாகவே கோபம் வருவது தூக்க மாத்திரை விஷயத்தில்தான். அல்பிரசோலம், டையஸிபாம் எல்லாம் புதிதாக ஒன்றை மனசில் பதிய வைக்கிற சக்தியைக் குறைக்கும், பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பக்கத்து வீட்டு மாமி, "எனக்கு நல்லா வேலை செஞ்சுது, நீயும் ஒண்ணு போட்டுக்கோ" என்று வெற்றிலை பாக்கு மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்!

மின் அதிர்ச்சிச் சிகிச்சையை எதிரணி சினிமாவில் பார்த்திருக்கிறது. நாமும்தான் பார்த்திருக்கிறோம். வில்லன் கையைக் காலைக் கட்டிப் போட்டு ஷாக் கொடுப்பான், கதாநாயகனுக்கு எல்லாம் மறந்துபோகும். "கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவேன்" என்றால் தியேட்டரே சிரிக்கும். அந்த மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அங்கே 1961 முதல் 1978 வரை தலைமை தாங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காமல் 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021-இல், 98 வயதில் மறைந்தார். அப்படிப்பட்டவர் வாழ்ந்த இடத்தின் பெயரை நாம் வசவாக வைத்திருக்கிறோம்.

மின் சிகிச்சையை 1938-இல் ரோம் நகரத்தில் தொடங்கினார்கள். மயக்க மருந்து இல்லாமல் கொடுத்த காலம் இருந்தது, மறுக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பது குற்றம். ஞாபக மறதி வருமா? வரும். சிகிச்சை நடந்த வாரங்களும், அதற்குச் சற்று முன்னால் நடந்தவையும் பலருக்கு மங்கும். பெரும்பாலும் திரும்பும். சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதே இல்லை. தங்கை கல்யாணத்துக்குப் போனது ஞாபகம் இல்லை என்றால் அது சின்ன இழப்பா? இல்லை. ஆனால் சோறு தண்ணீர் இறங்காமல், சாவதைத் தவிர வேறு நினைப்பில்லாமல் கிடப்பவரை வேகமாக மீட்க அதற்கு இணையான சிகிச்சை குறைவு. அந்தக் கணக்கை நோயாளியிடமும் குடும்பத்திடமும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். சொல்லாத இடத்தில் கேளுங்கள்.

மருந்தே இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்கள் ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் கால்களில் சங்கிலி. 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். கட்டிப்போட்ட குடும்பங்கள் எல்லாம் கல் மனசுக்காரர்களா? அவர்களுக்குத் தெரிந்த மருந்து அந்தச் சங்கிலி ஒன்றுதான். பின்னாளில் அதே ஏர்வாடியில் அரசு மனநல மருத்துவரை உட்கார வைத்து, மருந்தும் துவாவும் சேர்ந்தே கொடுக்கும் திட்டம் வந்தது. வேண்டுதலுக்கு வந்தவரை விரட்டாமல், வேண்டிக்கொண்டு இங்கேயும் ஒரு நிமிஷம் உட்காருங்கள் என்றார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு பேர் வேண்டும் என்கிற பொருளில் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். எதிரணி இவ்வளவு நேரமும் மூன்றாவதை மட்டும் கூண்டில் ஏற்றி விசாரித்தது. நாலாவது ஆள் யார்? அட்டையைப் பார்க்கத் தெரிந்த அந்தத் தங்கை! அப்படி ஒருத்தி பக்கத்தில் இல்லாதவர்களுக்காக 14416 என்ற எண்ணை 2022-இல் தொடங்கியிருக்கிறார்கள். டெலி மானஸ் என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பேசலாம். வாழ்க்கை வெறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிற யாராவது இப்போது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், பட்டிமன்றம் முடிகிற வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கூப்பிடுங்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணித் தலைவர் கேட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "எத்தனை நாளைக்கு விழுங்குவது? ஆயுசுக்குமா?" என்றார். நியாயமான கேள்வி. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் ஆறு மாசம், ஒன்பது மாசம் தொடரச் சொல்வார்கள், அப்புறம் பலருக்கு நிறுத்திவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் வருஷக்கணக்கில். இருதுருவ நோய்க்குப் பல பேருக்கு நீண்ட காலம். எதுவானாலும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தலை சுற்றும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும், "பாத்தியா, நோய் திரும்பிடுச்சு" என்று பயந்துபோவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். எழுதிக் கொடுத்த அதே கைதான் குறைக்கவும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் கேட்க வேண்டியதைத் தலைவர் அவருடைய நேரத்தில் கேட்கட்டும். என் நேரம் தீர்ந்து ஒரு நிமிஷம் ஆகிறது. (நீண்ட கைதட்டல்)